ஓட்டத்தில் வரும் தொல்லைகள்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள் ஓடி, 10 கிலோமீட்டருக்கோ அரை மாரத்தானுக்கோ தயாராகிவருபவர்களுக்காக, அதிலும் சென்னை போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஓடுபவர்களுக்காக, இந்த வழிமுறை எழுதப்படுகிறது. ஒரு தொல்லை வந்தவுடன் புதிய காலணி வாங்குவதும், உடன் ஓடுபவர் சொன்ன பொடியையோ மாத்திரையையோ தொடங்குவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டம் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் தொல்லை தலைகாட்டியது? அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள்? கடந்த மூன்று வாரங்களில் தூரம், வேகம், தரை, காலணி, உறக்கம் ஆகியவற்றில் எது மாறியது? மூன்றிலும் முதலாவதே அதிகம் பேசும். பத்தாவது நிமிடத்தில் வரும் சோர்வையும் தொண்ணூறாவது நிமிடத்தில் வரும் சோர்வையும் நாம் ஒரே சொல்லால் குறித்தாலும், இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஆகவே கீழே உள்ள பகுதிகள் பெரும்பாலும் தொல்லை தொடங்கும் நேரத்தின் வரிசையிலேயே உள்ளன. முதல் பகுதி மட்டும் விதிவிலக்கு.

நீங்களாகச் சரிசெய்ய முயலக் கூடாதவை

ஓடும்போது நெஞ்சு இறுகுவது, வலி தோள் அல்லது தாடைக்குப் பரவுவது, இதயம் தாறுமாறாக அடித்துக்கொள்வது, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது ஆகிய எதுவாயினும் அன்றைய ஓட்டம் அத்துடன் முடிந்தது. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், இதய மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை மறுபடி ஓடக் கூடாது. ஓடி முடித்துச் சட்டென்று நின்றபின் வரும் தலைச்சுற்றல் பெரும்பாலும் ரத்தம் கால்களில் தேங்குவதால் வருவது; படுத்துக் காலை உயர்த்தினால் தணியும். ஓட்டத்தின் நடுவே வரும் மயக்கத்தை அதனுடன் சேர்த்துப் பார்க்கக் கூடாது.

உடன் ஓடுபவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, காரணமின்றிச் சீறினாலோ, அதை வெப்பத்தாக்கு என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளையின் செயல் தடுமாறும் நிலை அது. தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். ஓடுபவர்களுக்கு வரும் வெப்பத்தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டிக்காகக் காத்திருக்காமல் உடனே குளிர்விக்கத் தொடங்குங்கள். பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை அமர்த்துவதே சிறந்த வழி. தொட்டி இல்லையெனில், நிழலில் கிடத்தி, உடல் முழுதும் விடாமல் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டி சுற்றிய ஈரத்துணியை வையுங்கள். நினைவு தடுமாறுபவரின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கடும் பயிற்சிக்கு அடுத்த ஓரிரு நாளில் தசைகள் வீங்கி வலிப்பதோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைந்திருக்கலாம். வலி மாத்திரை எதையும் போடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதல் இருபது நிமிடங்களில் கால் கனக்கிறது, மூச்சு வாங்குகிறது

இதற்குச் சாப்பாட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கிளம்பும் வேகமே பெரும்பாலும் காரணம். தசைகளுக்கு ஆக்சிஜன் போய்ச்சேரும் ஏற்பாடு முழு அளவை எட்டச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் வேகமெடுத்தால் கடன் ஏறிவிடும். ஐந்து நிமிடம் நடந்து, முதல் கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடிப் பாருங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் இலகு ஓட்டத்தின் வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சிழுக்க வேண்டியிருந்தால், கைக்கடிகாரம் என்ன காட்டினாலும் அது இலகு ஓட்டம் அன்று.

இரவு முழுவதும் கல்லீரலில் உள்ள சர்க்கரைச் சேமிப்பு குறைந்தாலும், தசைகளில் உள்ள சேமிப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். எனவே நாற்பது நிமிட இலகு ஓட்டத்துக்கு வெறும் வயிறு தடையில்லை. நடுக்கமோ படபடப்போ வருபவர்கள் அரை வாழைப்பழம் அல்லது இரண்டு பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் பேசாமல் வெறும் வயிற்றில் ஓடக் கூடாது. ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களிலோ, நிறுத்தியவுடனோ இருமலும் நெஞ்சில் விசில் சத்தமும் வந்தால் அது மூச்சுக்குழல் சுருக்கமாக இருக்கலாம். நுரையீரல் மருத்துவரிடம் காட்டினால் எளிதில் கட்டுக்குள் வரும்.

விலாப்புறத்தில் குத்துகிறதென்றால், வேகத்தைக் குறைத்து, வலிக்கும் இடத்தைக் கையால் அழுத்திச் சற்று முன்குனிந்து, உதட்டைக் குவித்து மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிடுவதையும், பெரிய தம்ளர் நிறைய இனிப்புச் சாறு குடிப்பதையும் விட்டுவிட்டாலே இது பலருக்கும் குறைந்துவிடும்.

வயிறு புரட்டுகிறது, அல்லது வழியில் கழிப்பறை தேட வேண்டியிருக்கிறது

ஓடும்போது ரத்தம் கால் தசைகளுக்கும் தோலுக்கும் திரும்பிவிடுவதால், குடலுக்குப் போகும் ரத்தம் வெகுவாகக் குறைகிறது. உள்ளே இருப்பது செரிக்காமல் குலுங்குகிறது. நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் இரைப்பையை விட்டு இறங்க நெடுநேரம் பிடிக்கும். முந்தைய இரவு உண்ட சுண்டலும் கீரையும் நார்ச்சத்தால் குடலைத் தூண்டும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிற்றைக் கெடுக்கக் காலையில் குடிக்கும் பால் காபியே போதும்.

நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய இரவு வெள்ளைச் சோறு, ரசம், தயிர்சாதம், இட்லி என்று எளிதில் செரிப்பவற்றை உண்ணுங்கள். சிறுதானியமே சிறந்தது என்று ஆண்டு முழுவதும் கேட்டுப் பழகியவர்களுக்கு இது உறுத்தலாம். மற்ற நாட்களில் கம்பும் தினையும் நல்லவைதான். ஆனால் மறுநாள் அதிகாலை 18 கிலோமீட்டர் ஓட வேண்டிய இரவில் அவற்றின் நார்ச்சத்தே தொல்லையாகிறது. காபி குடிப்பவர்கள் கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே குடித்தால், அது குடலைத் தூண்டி ஆக வேண்டியதை வீட்டிலேயே முடித்துவிடும்.

ஓட்டத்தின் நடுவில் ஜெல் (பொட்டலத்தில் வரும் குழைவான சர்க்கரைக் கூழ்) சாப்பிட்டபின்தான் வயிறு கெடுகிறதென்றால், அதைத் தண்ணீர் இல்லாமல் விழுங்குகிறீர்களா என்று பாருங்கள். அடர்த்தியான சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். போட்டி நாளில் சாப்பிடப்போவதை நீண்ட ஓட்டங்களில் சிறிது சிறிதாகச் சாப்பிட்டுப் பழகினால் குடலும் பழகும். வலி வராமலிருக்க ஓட்டத்துக்கு முன்பே இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை அறவே விட வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்திருக்கும் வேளையில் அவை குடற்சுவரையும் சிறுநீரகத்தையும் ஒருசேரப் பாதிக்கும். மலத்தில் ரத்தம் தெரிந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எண்பது, தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் ஆளே ஓய்ந்துபோகிறது

மூச்சு சீராகவே இருக்கும். கால் மட்டும் எழாது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்ற சிறிய கணக்குகூட மனத்தில் நிற்காது. காரணமில்லாத எரிச்சல் வரும். உடலில் சேர்த்துவைத்த மாவுச்சத்து தீர்ந்துவருகிறது என்பதற்கு இவை அடையாளம். தசைகளில் சுமார் 300 முதல் 500 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜனைத்தான் (மாவுச்சத்தின் சேமிப்பு வடிவம்) உடல் வைத்துக்கொள்ள முடியும். கொழுப்பு எவ்வளவு இருந்தாலும், வேகமாக ஓடுவதற்குத் தேவையான விரைவில் அதை எரிக்க இயலாது. வேகம் கூடக்கூட மாவுச்சத்தின் பங்கு கூடும் என்பதால், முதல் ஐந்து கிலோமீட்டரை ஆர்வத்தில் விரட்டி ஓடியவரே பதினைந்தாவது கிலோமீட்டரில் முதலில் உட்காருகிறார்.

ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. அதைத் தளர்ச்சி வந்தபின் சாப்பிடுவது பயன் தராது. முப்பது, நாற்பது நிமிடத்திலேயே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவர வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பெரும்பாலான ஜெல் பொட்டலங்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். வீட்டில் செய்வதென்றால், அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சைப்பழத்தின் சாறு, கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு ஆகியவற்றைக் கலந்தால் போதும். இது ஆறு சதவீதக் கரைசல். சர்க்கரை எட்டு சதவீதத்தைத் தாண்டினால் இரைப்பையை விட்டு இறங்குவது மெதுவாகிறது என்பதால், கூடுதல் தெம்புக்காக இன்னும் இரண்டு கரண்டி போடலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்கள் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்த கலவையில் மணிக்கு 90 கிராம்வரை பழகலாம். இரண்டும் குடலில் வெவ்வேறு வழிகளில் உறிஞ்சப்படுவதே காரணம். நாம் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையே இவ்விரண்டும் சரிபாதியாகப் பிணைந்த பொருள்தான். கடலை மிட்டாய் நல்ல தின்பண்டம். ஆனால் கடலையின் கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் அதை ஓடி முடித்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் சாப்பிட்டும் ஓய்ந்துபோகிறதென்றால் கிளம்பும் முன் என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்குப் போக வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து நல்ல அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நடுத்தர அளவு இட்லி நான்கு அல்லது ஐந்து. தேங்காய்ச் சட்னியைத் தவிர்த்துச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டால் விரைவில் இறங்கும். எடை குறைப்பதற்காகச் சோற்றை அறவே நிறுத்திவிட்டு, அதே மாதத்தில் அரை மாரத்தானிலும் சொந்தச் சாதனையை முறியடிக்க நினைப்பவர்கள், இரண்டில் ஒன்றைத் தள்ளிவைப்பதே நல்லது.

தலைவலி, படபடப்பு, தாளாத வியர்வை

கடலோர ஊர்களில் அதிகாலையில் வெப்பம் மிகக் குறைவு என்றாலும் காற்றின் ஈரப்பதம் அப்போதுதான் மிக அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டி வீணாகிறது. குளிர்விப்பதற்காகத் தோலுக்கு மேலும் மேலும் ரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால், ஒரே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். இதை உடற்தகுதி குறைந்துவிட்டதென்று எண்ணிக் கவலைப்பட வேண்டாம். வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுங்கள். புழுக்கத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. அவரவர் வியர்வையை அளந்துகொள்ள வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, ஆடையின்றி எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி, உடலை நன்கு துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 64.0 கிலோ 62.9 ஆகி, நடுவில் 400 மில்லி குடித்திருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு ஒன்றரை லிட்டர். அவ்வளவையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. எடையில் இரண்டு சதவீதம்வரை குறைவது பெரும்பாலோருக்குத் தொல்லை தராது. தாகத்தை அனுசரித்துக் குடித்து, மிச்சத்தை முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

எடை கூடியிருந்தால்தான் அஞ்ச வேண்டும். தேவைக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடிப்பதால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து, லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும் நிலை அது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்கு இந்த நிலை இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்ததே அதற்கான முதன்மை அடையாளமாக இருந்தது. மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள். தலைவலி, குமட்டல், வயிற்று உப்புசம், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, பிறகு குழப்பம், வலிப்பு என்று இது முற்றும். முதல் அறிகுறிகள் நீரிழப்பைப் போலவே இருப்பதால், பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் தண்ணீரைக் கொடுத்து நிலைமையை மோசமாக்கிவிடுகிறார்கள். நிறையக் குடித்தவருக்குக் குமட்டலும் தலைவலியும் வந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாட வேண்டும்.

கறுப்பு பனியனில் காய்ந்தபின் வெள்ளைக் கோடுகள் படிந்தால் உங்கள் வியர்வையில் உப்பு அதிகம். இளநீரைக் குடித்தால் ஈடாகிவிடும் என்பது பாதி உண்மை: இளநீரில் மிகுந்திருப்பது பொட்டாசியம், வியர்வையில் பெரிதும் போவது சோடியம். இளநீரில் ஒரு சிட்டிகை உப்பு சேர்க்கலாம், அல்லது உப்புப் போட்ட நீர்மோர் குடிக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவின்படியான ஓ.ஆர்.எஸ். பொடியில், ஒரு லிட்டரில் கரைத்தால் 75 மில்லிமோல் சோடியமும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அதன் சர்க்கரை மிகக் குறைவு என்பதால் உப்புக்கும் நீருக்கும் உதவுமே தவிர, ஓடுவதற்கான எரிபொருளாகாது. ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது

உப்புக் குறைவு, பொட்டாசியக் குறைவு, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ரத்தத்தில் உப்பு குறைந்ததுதான் காரணமென்றால், பிடிப்பு உடல் முழுதும் வர வேண்டும். ஆனால் அதிகம் உழைத்த அந்த ஒரு தசையில்தான் வருகிறது. பழகிய அளவைத் தாண்டி உழைத்துக் களைத்த தசையில் நரம்புக் கட்டுப்பாடு தடுமாறுவதே பெரும்பாலும் காரணம். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளரி ஊறுகாய்ச் சாற்றைக் குடித்தவர்களுக்கு அது ரத்தத்தில் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்துவதற்கு முன்பே பிடிப்பு தளர்ந்தது. வாயிலும் தொண்டையிலும் அந்தப் புளிப்பு பட்டவுடன் எழும் நரம்பு அனிச்சையே அதற்கு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. நம் மாங்காய் ஊறுகாயை இதற்காகப் பையில் கட்டிக்கொண்டு போக வேண்டாம். எண்ணெயும் காரமும் வேறு விதமாக வேலை செய்துவிடும்.

பிடித்தவுடன் நின்று, முழங்காலை நீட்டி, பாதத்தை உங்களை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். தளர்ந்ததும் சிறிது நடந்துவிட்டு மெதுவாகத் தொடருங்கள். மீண்டும் மீண்டும் வருபவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் படியில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியைச் செய்வதும், போட்டி வேகத்தைப் பயிற்சியிலேயே பழகுவதும் அவசியம்.

எலும்பிலும் மூட்டிலும் வலி

முன்கால் எலும்பின் உட்புறத்தில் ஒரு உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஓடச் சற்றுத் தணிந்தால், அது எலும்பை ஒட்டிய திசுக்களின் அழற்சி. தூரத்தைப் பாதியாக்கிக் கெண்டைக்காலை வலுப்படுத்தினால் சில வாரங்களில் அடங்கும். ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய புள்ளியில் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் வலி, இரவில் படுத்திருக்கும்போதும் வலி என்றால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஓட்டத்தை முற்றாக நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவது உண்டு, எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் பாதத்தின் அடித்தசைநார் புண்பட்டிருக்கிறது. விரல்களுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் மெதுவாகக் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள்; வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடப்பதைச் சில வாரம் குறையுங்கள். படியிறங்கும்போது முழங்காலின் முன்புறம் வலிப்பவர்கள், அடியின் நீளத்தைக் குறைத்து, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டிப் பார்க்கலாம். அதோடு தொடைக்கும் இடுப்புக்கும் வலுப்பயிற்சி வேண்டும்.

வாரக்கணக்கில் விடாத சோர்வு

இது ஒரு ஓட்டத்தின் தொல்லை அன்று. பழைய வேகத்தில் ஓட முடியவில்லை, உறங்கினாலும் களைப்பு போகவில்லை, அடிக்கடி சளி பிடிக்கிறது என்று வருபவர்களுள் பலர் செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பிடுவதில்லை. ஐந்து மணிக்கு ஓடப் போய், ஆறரைக்குத் திரும்பி, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி, எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பத்தரை மணிக்கு இரண்டு தோசை சாப்பிடும் பெண்கள் நம் ஓட்டக் குழுக்களில் நிறைய இருக்கிறார்கள். நான்கு மணி நேரம் உடல் எதைக் கொண்டு தன்னைச் செப்பனிடும்? வந்தவுடன் ஒரு தம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும், அல்லது இரண்டு முட்டையும் முந்தைய நாள் சோறும் ஐந்து நிமிட வேலைதான்.

இப்பற்றாக்குறை நீண்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். கடுமையாகப் பயிற்சி செய்வதன் அடையாளம் என்று அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வோர் உண்டு. மூன்று மாதம் வரவில்லையென்றால் அது எலும்பு தேயத் தொடங்குவதற்கான எச்சரிக்கை. கர்ப்பம் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த ஆற்றல் பற்றாக்குறையை ஆண்களுக்கும் வரும் ஒன்றாக வரையறுத்தது. ஆண்களுக்குப் பாலுணர்வு குறைவதும் எலும்புக் கீறல் திரும்பத் திரும்ப வருவதும் அதன் குறிகள்.

புரதத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். முறையாகப் பயிற்சி செய்பவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் தேவை. 60 கிலோ எடைக்கு 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் சுமார் 8 கிராம், 50 கிராம் சோயா உருண்டையில் சுமார் 25 கிராம், 100 கிராம் மீன் அல்லது கோழியில் 20 கிராமுக்குச் சற்று மேல். சோறு, சாம்பார், பொரியல் என்று மூன்று வேளையும் சாப்பிடும் சைவக்காரர்கள் கணக்குப் போட்டால், பாதியைத் தாண்டுவதே கடினம் என்பது தெரியும். பருப்பைக் கரண்டியால் ஊற்றாமல் கிண்ணத்தில் எடுப்பதும், மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் சேர்ப்பதும் இதற்கு எளிய வழிகள்.

சாப்பாடு சரியாக இருந்தும் சோர்வு போகவில்லையென்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. அது சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம் என்பதால் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். சைவ உணவினருக்கு பி12, எல்லோருக்கும் தைராய்டு. காய்ச்சலின்போதும் கடும் ஓட்டத்துக்கு மறுநாளும் ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும். ஓய்வுநாளுக்குப் பின் கொடுங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. எனவே ஓடும் பெண்கள் இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்வது மிகையன்று.

கீரை, பருப்பு ஆகியவற்றின் இரும்பு, இறைச்சியின் இரும்பைவிடக் குறைவாகவே உடலில் சேரும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் உடன் இருந்தால் சேர்மானம் கூடும். சாப்பாட்டுடன் குடிக்கும் டீயும் காபியும் அதைக் குறைக்கும். ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். கடும் ஓட்டத்துக்குப் பின் மூன்று முதல் ஆறு மணி நேரம்வரை, இரும்பு உறிஞ்சுவதைத் தடுக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் உடலில் கூடியிருக்கும் என்பதால், மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அந்த நேரத்தில் போட வேண்டாம். சோதிக்காமல் இரும்பு மாத்திரையைத் தொடங்குவதும் கூடாது. மிகுதியான இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. மாத்திரை தொடங்கி எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி ஃபெரிட்டின் பாருங்கள். அதுவரை இலகு ஓட்டங்கள் மட்டும் போதும். வேகப் பயிற்சியை அந்த அறிக்கை வந்தபின் தொடங்கலாம்.